கணிப்பொறி காட்டிய எச்சரிக்கையும் பிரமாதம் என்னும் குற்றமும்

ஐயம்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பொழுது புலருமுன்னரே தறியோசை எழுந்துவிடும். அவ்வோசையைக் கேட்டவாறு கூடத்து மூலையிலுள்ள கணிப்பொறியின் முன் சிறிது நேரம் அமர்வது, பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற பின் எனக்கு வழக்கமாயிற்று. அக்கணிப்பொறி 2010ஆம் ஆண்டில் என் மகன் வாங்கித் தந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதனைத் திறந்தவுடன் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றலாயிற்று. இதனை இயக்கும் மென்பொருளின் காலம் முடிந்தது, இனி இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா, புதியதற்கு மாறுக என்பது அதன் சாரம். கீழே ‘மேலும் அறிக’ என்றொரு பொத்தானும் ‘பிறகு நினைவூட்டு’ என்றொரு பொத்தானும் இருந்தன. நான் எந்நாளும் இரண்டாவதையே அழுத்தினேன். முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, வீட்டுப் பாடம் எங்கே என்றால் “நாளைக்கு டீச்சர்” என்ற பிள்ளைகளைக் கடிந்துகொண்டவளின் கைதான் அதையும் அழுத்தியது.

இதில் அறவினா எங்கே இருக்கிறது, இது பழுது பார்ப்பவரிடம் கேட்க வேண்டியதன்றோ என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறெனக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும் முன், அப்பழைய கணிப்பொறியை நான் ஏன் விடாது வைத்திருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1988 முதல் பத்து ஆண்டுகள், பள்ளி விடுமுறை தோறும், வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் நம் மூதாட்டியரிடம் அமர்ந்து தாலாட்டுகளையும் நலங்குப் பாடல்களையும் நோன்புக் கதைகளையும் எழுதிவந்தேன். பதினொரு குறிப்பேடுகள் நிறைந்தன. 1998ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்துத் தட்டச்சுக் கடை ஒன்றில் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றச் செய்தேன். நூற்று நாற்பது பக்கங்கள் வந்தன. குறிப்பேடுகளை மரப்பெட்டியில் வைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் கறையான் அவற்றை முடித்துவிட்டது. அன்று நான் பெரிதாக வருந்தவில்லை. எல்லாம் கணிப்பொறியில் பத்திரமாக இருக்கின்றனவே என்று ஆறுதல் கொண்டேன்.

அந்தக் கோப்பை அக்கால மென்பொருள் ஒன்றினால்தான் திறக்க முடியும். என் 2010ஆம் ஆண்டுக் கணிப்பொறி அதனை எப்படியோ தாங்கிக்கொண்டது. 2019இல் மகன் புதிய கணிப்பொறி ஒன்றைக் கொணர்ந்து வைத்தான். அதில் கோப்பை ஏற்றித் திறக்க முயன்றேன். இச்செயலி இக்கணிப்பொறியின் பதிப்புடன் பொருந்தாது என்ற அறிவிப்பே வந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதுவே. காரணத்தைப் பின்னர்க் கேட்டறிந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட செயலிகள் பல 16 பிட் என்னும் அளவில் அமைந்தவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வட்டெழுத்துக் கல்வெட்டைக் கொடுத்துப் படி என்றால் அது விழிக்குமே, அது போல்வது.

சரி, செயலி வேண்டா, எழுத்துகளையாவது படிக்கலாம் என்று வேறொரு வழியில் திறந்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும், புள்ளியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும், காசுக் குறிகளும் தாறுமாறாய்க் கிடந்தன. இதற்கும் காரணம் உண்டு. கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. அன்று தமிழ் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் அகரத்துக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் ணகரத்துக்குக் கொடுத்தார். இக்குழப்பம் தீர வேண்டும் என்றே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. உலகத் தமிழரிடையே திஸ்கி என்னும் முறை தனியே வழங்கியது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தும், அது இங்கே வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல்தான் தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது. என் பாட்டிமார் பாடல்கள், அம்மாநாடு கூடுவதற்கு ஓராண்டு முன்னரே, யாரோ ஒருவரின் தனிக் கணக்கில் பூட்டப்பட்டுவிட்டன.

ஆசிரியையாகிய எனக்கு இந்தப் பொருந்தாமை புதிதன்று என்பதை இங்கே நினைவுகூர்கிறேன். நான் வேலையில் சேர்ந்தது 1972இல். அப்போது ‘லை’ என்னும் எழுத்தைத் துதிக்கை போல் வளைத்தே கரும்பலகையில் எழுதினேன். ‘னா’, ‘றா’ ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சுழிகள் இருந்தன. 1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்ட வடிவங்கள் அவை. பழைய வடிவத்தை நேற்று வரை எழுதிய கை, மறுநாள் புதியதை எழுத வேண்டும். ஓரிரு மூத்த ஆசிரியர்கள் முணுமுணுத்தனர். ஆனால் அம்மாற்றத்தில் ஒரு கருணை இருந்தது. ‘கை’, ‘தை’ என்று எழுதத் தெரிந்தவர் எவரும், புதிய ‘லை’யை எவரும் சொல்லித்தராமலே படித்துவிடலாம். பழையது பயின்ற கிழவி புதிய செய்தித்தாளைப் படிப்பாள். எதிர்த்திசைக்கு மட்டுமே சிறிது உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே நான் ஆண்டுதோறும் இரண்டு வகுப்புகளை ஒதுக்கிப் பழைய வடிவங்களையும் படிக்கக் கற்பித்தேன். எழுத வேண்டா, படித்தால் போதும் என்பேன். பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் நடத்துகிறீர்கள் என்று ஆய்வாளர் ஒருவர் கேட்டார். பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க வேண்டாவா ஐயா என்றேன்.

பிள்ளைகளின் பொருட்டு இத்தனை கவலை கொண்ட நான், என் கோப்பின் பொருட்டு அதில் பாதியும் கொள்ளவில்லை. 2006ஆம் ஆண்டிலேயே என் அக்காள் மகன், “சித்தி, இதெல்லாம் யூனிகோடுக்கு மாத்திடுங்க, இல்லன்னா ஒரு நாள் திறக்காது” என்று சொல்லியிருந்தான். பார்க்கலாம் என்றேன். பழைய கணிப்பொறி திறக்கும் வரை திறக்கட்டும் என்பதே என் கொள்கையாக இருந்தது. அதற்கு ஓர் அறப்பெயரும் சூட்டிக்கொண்டேன். இருப்பதைக் கொண்டு அமைவதே மிகுபொருள் விரும்பாமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி அந்நிகழ்ச்சி. எங்கள் அண்டை வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்பவர்கள். அவர் மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்றவன். இப்போது கணிப்பொறியில் புடவைக் கரைகளுக்கு வடிவம் வரைந்து தருகிறான். முற்காலத்தில் காஞ்சிபுரத் தறிகளில் ‘அடை’ என்னும் முறை இருந்தது. கரையின் வடிவம் முழுவதும் நூல் முடிச்சுகளில் அடங்கியிருக்கும். துணைக்கு அமர்ந்த சிறுவன் அவற்றை முறைப்படி இழுப்பான். பின்னர், 1804ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு தேசத்து ஜக்கார்டு அமைத்த துளையட்டைக் கருவி இங்கும் வந்து சேர்ந்தது. கட்டத்தாளில் வரைந்து, கட்டத்துக்கு ஒரு துளையாக அட்டையில் குத்துவார்கள். இன்று அக்கட்டத்தாளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. (கணிப்பொறிக்கே துளையட்டைதான் ஒரு காலத்தில் உணவு என்பது சுவையான செய்தி. தறியிடம் கடன் வாங்கியது தறிக்கே திரும்பி வந்தது என்க.)

2022ஆம் ஆண்டு தை மாதம், அவன் என் தாயாரின் பழைய புடவைக் கரையைக் கேட்டு வந்தான். என் தாயார் பட்டு உடுத்துவதில்லை என்று விரதம் பூண்டவர், அது நூற்புடவை. பட்டு நெய்யும் ஊரில் வாழ்ந்துகொண்டு பட்டைத் தவிர்ப்பது குறித்து நம் குடும்பங்களில் நடக்கும் வாதங்களை நான் அறிவேன். இக்கட்டுரைக்கு அது வேண்டா. கரையைப் படமெடுத்து என் பழைய கணிப்பொறியில் வைத்திருந்தேன். அதனைப் பென் டிரைவில் இட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவன் வந்து வாசலில் நின்றான். அவனுடைய கணிப்பொறியில் இருந்த வடிவக் கோப்புகள் யாவும் கெட்டுப்போயின. திருமணப் புடவை ஒன்றுக்குப் பதினோரு நாள்கள் வரைந்து வைத்திருந்ததும் போயிற்று. அவ்வடிவத்துக்காகக் காத்திருந்த இரண்டு தறிகள் நின்றன. தறி நின்றால் கூலி இல்லை. பழுது பார்க்க வந்த இளைஞர் என் பென் டிரைவைச் சோதித்தார். என் கணிப்பொறியையும் சோதித்தார். நோய் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. “ரெண்டு வருஷமா இதுக்குப் பாதுகாப்பே இல்லையே டீச்சர், ஒண்ணும் சொல்லலையா இது?” என்றார்.

சொல்லிற்று. நாள்தோறும் சொல்லிற்று.

‘பிரமாதம்’ என்னும் சொல்லை நாம் அன்றாடம் எவ்வளவு மகிழ்ச்சியோடு கையாள்கிறோம்! கச்சேரி பிரமாதம், சாம்பார் பிரமாதம் என்கிறோம். நம் ஆகமங்களில் அச்சொல்லுக்குப் பொருள் கவனமின்மை, மயர்வு என்பதாகும். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி விடவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலை அதற்கு மூலமாக வைத்தார். அது கொண்டு, கொல்லும் எண்ணம் எனக்கில்லை என்று மட்டும் சொல்லி ஒருவர் தப்பிவிட முடியாது என்று ஆகிறது. அன்றியும், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்டத்தினின்று விலகுதல் ஒன்று. பயனின்றிப் பிறர்க்குத் தீங்கு விளையும் செயல்களை ஐவகையாக்கிக் காட்டிய சமந்தபத்திராசாரியர், அவற்றுள் ஹிம்சாதானம் என்பதையும் பிரமாத சரியை என்பதையும் தனித்தனியே வைத்தார். கத்தி, வாள், நெருப்பு, நஞ்சு போன்ற ஊறு செய்யும் பொருள்களைப் பிறர் கையில் கொடுப்பது முன்னது. நோக்கின்றி நடப்பதும், தேவையின்றி மண்ணைக் கிளறுவதும், நீரைச் சிந்துவதும் பின்னது. இவற்றை ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பித்தவள் நான். பென் டிரைவை நீட்டிய அந்த ஒரு கணத்தில் இரண்டையும் ஒருங்கே செய்திருக்கிறேன் என்பது பல நாள் கழித்தே உறைத்தது.

இதில் என்னைப் பெரிதும் அலைக்கழித்தது ஒன்றுண்டு. அவ்வெச்சரிக்கை என் வீட்டில், என் திரையில், என்னை விளித்து வந்தது. ஆகையால் அது என் நலனைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு என்ன நேர்ந்துவிடும், என்னிடம் திருடத் தக்கது என்ன இருக்கிறது, நாலு தாலாட்டும் ஒரு ஓய்வூதியக் கணக்கும்தானே என்பது என் நினைப்பு. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுப்பவருக்கு எச்சரிக்கையைத் தள்ளும் உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அண்டை வீட்டாருக்கு வரும் துன்பத்தைத் தள்ளும் உரிமையை எனக்கு யார் கொடுத்தார்?

உலக அளவிலும் இது நிகழ்ந்தது. 2017 மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்து நாட்டின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்திருந்த சிகிச்சை நேரங்கள் நீக்கப்பட்டன. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அந்நிரல் ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவும் இயல்பினது. திருத்தத்தைப் பிறகு என்று தள்ளியவர், தாம் அறியாமலே அடுத்தவர்க்கு வாயில் திறந்து வைத்தார். தீமையை ஏவியவன் வேறு. பாவத்தின் பெரும்பங்கு அவனுக்கே. ஆயினும் திறந்து கிடந்த வாயில்களுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் எச்சரிக்கை வந்தவுடன் பழையதைக் குப்பையில் இட்டுப் புதியதை வாங்கிவிடுவதுதான் அறமா? அவ்வாறு முடிவு கட்ட என் மனம் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்புக்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட வகைச் செயலியும் வேண்டும். அவை இல்லாத கணிப்பொறிகள், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தாலும், தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. அவ்வாறு உலகெங்கும் 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பையாகலாம் என்று கேனலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் கூறுகிறது. ஈயமும் பாதரசமும் கலந்த அக்கழிவு எந்த மண்ணில் இறங்கும், எத்தனை ஈரறிவு மூவறிவு உயிர்களை வாட்டும் என்பதை நம்மவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓடுகின்ற பொருளை ஓடாதென்று அறிவிப்பவரும் பிரமாத சரியைக்கு விலக்கானவர் அல்லர்.

இடர்ப்பாடு எதுவென்றால், வணிகனின் கூவலும் காவற்காரனின் கூவலும் ஒரே கட்டத்தில், ஒரே நிறத்தில், ஒரே குரலில் வருகின்றன. ‘இது பொருந்தாது’ என்பது வெறும் செய்தி. ‘இது உன்னையும் உன் அயலாரையும் காக்காது’ என்பது காவல். ‘புதியதை வாங்கு’ என்பது விற்பனை. மூன்றையும் ஒரு வாக்கியத்தில் பிசைந்து கொடுத்தால், விற்பனையை வெறுப்பவர் காவலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். என் கதை அதுவே. பகுத்துக் காண்பதற்கு ‘மேலும் அறிக’ என்ற முதற் பொத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் நான் அதனை அழுத்திப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே சென்று பார்த்தால் வெட்கம் மிகும். நான் சூட்டிக்கொண்ட அறப்பெயர் உண்மைதானா? பொருளின் மேல் பற்றில்லை என்றேன். அந்தக் கணிப்பொறி போய்விட்டால் பாடல்கள் போய்விடும் என்ற அச்சத்தினால்தான் அதனைத் தொடாது வைத்திருந்தேன். நூற்று நாற்பது பக்கங்களையும் வேறு வடிவுக்கு மாற்றி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கும் உழைப்புக்கு அஞ்சினேன். நான் ஒருத்தியே அவற்றை வைத்திருக்கிறேன் என்ற சிறு பெருமையும் இருந்தது. வடமொழியில் பரிக்கிரகம் என்று எதற்குப் பெயரோ அதனையே மடியில் வைத்துக்கொண்டு அபரிக்கிரகம் பேசினேன்.

நம் முன்னோர் இத்தகைய எச்சரிக்கையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று எண்ணிப் பார்த்தேன். சுருத பஞ்சமி கொண்டாடும் நமக்குத் தரசேனாசாரியரின் வரலாறு தெரிந்ததே. நினைவில் மட்டும் நின்ற ஆகமம் தம்மோடு மறைந்துவிடும் என்று உணர்ந்த அம்முதியவர், கிர்நார் மலையின் குகைக்குப் புஷ்பதந்தரையும் பூதபலியையும் வருவித்து அதனைக் கற்பித்தார். அவ்விருவரும் அதனை ஷட்கண்டாகமமாக ஆக்கினர். பூதபலியார் பின்னர்த் தமிழ் நாட்டுக்கு வந்தார் என்பது வீரசேனாசாரியர் தரும் செய்தி. மனித நினைவாற்றல் குறைந்துவருகிறது, இனி அது ஆகமத்தைத் தாங்காது என்பதுதான் தரசேனர் கண்ட எச்சரிக்கை. அவர் ‘பிறகு’ என்னவில்லை. பழைய முறையே உயர்ந்தது, ஏட்டில் எழுதுவது இழிவு என்றும் பிணங்கவில்லை.

அதே ஆகமத்தின் பிற்கால வரலாறு வேறொரு பாடம். வீரசேனாசாரியர் 9ஆம் நூற்றாண்டில் அதற்கு எழுதிய தவளா என்னும் பேருரை, மூடபித்திரியில் பழைய கன்னட எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளாக நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. தொலைவிலிருந்து யாத்திரிகர் வந்து தரிசித்தனர். கற்பூரம் காட்டி வணங்கினர். படிப்பார் அரியராயினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. பேராசிரியர் ஹீராலால் ஜெயின் பதிப்பித்த முதல் தொகுதி அச்சாகி வந்தது 1939இல். மூடபித்திரியார் சுவடியைக் காத்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் காவாதிருந்தால் 1939 என்ற ஆண்டே இல்லை. ஆனால் காத்தலும் கற்றலும் இருவேறாகப் பிரிந்து நின்ற அந்நெடுங்காலத்தை நினைக்கும்போது, துணி போர்த்தி வைத்த என் கணிப்பொறியை நிமிர்ந்து பார்க்கக் கூசினேன். சாத்திர தானம் என்று நாம் போற்றுவது ஏட்டைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குவதையே. பூட்டி வைப்பதற்கு அப்பெயர் இல்லை.

நம் காலத்திலும் தரசேனர் வழியைப் பின்பற்றியோர் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகின் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எல்லோர்க்கும் வழங்கினர். முதலில் ஒரு தனி எழுத்துருவில் இட்டனர். பின்னர்த் திஸ்கிக்கு மாற்றினர். 2004 முதல் ஒருங்குறிக்கு மாற்றினர். ஒரே நூலுக்கு மும்முறை உழைப்பு. என் கோப்பும் அத்திட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை அறிந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

2022 சித்திரையில் வேலையைத் தொடங்கினேன். நோய் நீக்கிய பின் பழைய கணிப்பொறியை வலையிலிருந்து அறவே பிரித்து, அதில் கோப்பைத் திறந்து, முழுவதையும் தாளில் அச்சிட்டேன். அப்புறம் கோப்பினை எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டோம். அது முக்கால் பங்கு சரியாக மாற்றித் தந்தது. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி, கொம்பு, ககரம், கால் என்று மூன்று எண்களாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ முதலில் ககரமும் பின்னர் ஒகரக் குறியும் வரும். இவ்விடங்களில் மாற்றி இடறிற்று. கொம்புகள் அடுத்த எழுத்தின் தலையில் ஏறின. ‘கொலுசு’ என்பது ‘கலெுாசு’ போல் ஏதோவாயிற்று. தாளை ஒரு கையிலும் திரையை எதிரிலும் வைத்து, அண்டை வீட்டானின் மகள் உரக்கப் படிக்க, நான் திருத்தினேன். ஏழாம் வகுப்பு மாணவி அவள். ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

அவள் தந்தை ஒருநாள் அருகில் நின்று பார்த்துவிட்டு, “இது பாவு பிணைக்கிற மாதிரிதான் டீச்சர்” என்றான். தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் அதனை முழுவதும் அறுத்தெறிவதில்லை. விழுதிலும் அச்சிலும் ஏற்கெனவே கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியைச் சிறிது விட்டு வைப்பார்கள். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். பழையது தீர்ந்துபோகுமுன் செய்ய வேண்டும் என்பது மட்டும் விதி. முற்றிலும் தீர்ந்துபோனால் விழுதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மீண்டும் கோக்க நேரும். எச்சரிக்கை என்பது எதற்கு என்று அவ்விளைஞன் எனக்குச் சொல்லித் தந்தான் என்றே நினைக்கிறேன்.

பழைய கணிப்பொறியை எறிந்துவிடவில்லை. பழுது பார்க்கும் இளைஞர் அதில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்க மென்பொருளை நிறுவித் தந்தார். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இதன் இந்திய வடிவமாகப் போஸ் என்பதை உருவாக்கியிருக்கிறது என்றும் அவரே சொன்னார். வாங்கப் பணம் வேண்டா. மெதுவாக ஓடுகிறது, எனக்கும் வேகம் வேண்டுவதில்லை. அதில் வரும் எச்சரிக்கைகளை இப்போது படிக்கிறேன்; புரியாதவற்றை எழுதி வைத்துக் கேட்கிறேன்.

நின்றுபோன இரு தறிகளின் பதினோரு நாள் கூலியைக் கணக்கிட்டு எடுத்துச் சென்றபோது என் மாணவன் வாங்க மறுத்தான். “நானும்தானே இன்னொரு காப்பி வெச்சிருக்கணும் டீச்சர், வர்ற பென் டிரைவைச் சோதிக்காம சொருகினது என் தப்பு” என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் அவனுடைய கவனமின்மை என் கவனமின்மையைக் கழித்துவிடுமா? கணக்கில் கழித்தல் தெரிந்தவள் நான். இதில் கழிக்கத் தெரியவில்லை. அவன் வாங்காத தொகையை நெய்த இருவரிடமும் நேரே கொடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது கூலி.

நூற்று நாற்பது பக்கங்களுள் நூற்று முப்பத்தொன்பதும் மீண்டுவிட்டன எனலாம். எஞ்சிய ஒரு பக்கத்தில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களை வரிசையாகச் சொல்லும் ஒரு தாலாட்டு இருக்கிறது. அதில் பதினோராவது தீர்த்தங்கரராகிய சிரேயாம்சநாதரின் இலாஞ்சனம் வரும் இடத்தில் ஒரு சொல் மட்டும் வெற்றுக் கட்டங்களாய் நிற்கிறது. தாளிலும் அவ்வாறே அச்சாகியுள்ளது. தட்டச்சுக் கடையிலேயே நேர்ந்த பிழை போலும். காண்டாமிருகத்தைக் கண்ணால் கண்டிராத அம்மூதாட்டி, அதற்குத் தம் ஊர் வழக்கில் வேறொரு பெயர் வைத்துப் பாடினார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது நினைவிருக்கிறது. சொல் நினைவில் இல்லை. பாடியவர் இன்றில்லை. வந்தவாசிப் பக்கத்து நம் குடும்பங்களில் அத்தாலாட்டைக் கேட்டு வளர்ந்தவர் எவரேனும் இருந்தால், அச்சொல்லை ஓர் அஞ்சலட்டையில் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.